காலராவுக்குக் கால் மணி நேரம், டைபாய்டுக்கு மூன்று நாள்: ஏன் இந்த வித்தியாசம்?

காலரா என்று சந்தேகம் வந்தால், நோயாளியின் மலத்திலிருந்து சில சொட்டு எடுத்து, அதில் ஒரு சிறிய பட்டையை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும். சிவப்புக் கோடு விழுந்தால் காலராவாக இருக்க வாய்ப்பு அதிகம். மின்சாரம் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம், வெள்ளம் வடியாத ஊரில் கூடாரத்துக்குள்ளேயே இதைச் செய்துவிடலாம். டைபாய்டு கதையே வேறு. ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றி, கிருமி வளரும்வரை இன்குபேட்டரில் வைத்து, வளர்ந்தது எது என்று அடையாளம் கண்டு, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்த்துச் சொல்ல மூன்று நாளாவது ஆகும்.

இரண்டும் பாக்டீரியாவால் வரும் நோய்கள். இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகவே பரவுகின்றன. இரண்டு கிருமிகளையும் அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, நூறு வருடத்துக்கும் மேலாக ஆய்வகங்களில் பழக்கத்தில் இருக்கிறது. பிறகு ஏன் ஒன்றுக்கு நிமிடக் கணக்கு, மற்றொன்றுக்கு நாள் கணக்கு? எதிர்ப்பொருளின் தரம், கிட் தயாரிக்கும் தொழில்நுட்பம் என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் முக்கியக் காரணம் அதைவிட எளிமையானது: நோயாளியிடமிருந்து எடுக்கும் மாதிரியில் எத்தனை கிருமிகள் இருக்கின்றன என்பதுதான்.

எதிர்ப்பொருள் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், இன்றும் மைக்ரோபயாலஜி லேப்களில் நடக்கும் பழைய ஸ்லைடு சோதனையைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு சலைன் விடுவார்கள். பெட்ரி தட்டில் வளர்ந்திருக்கும் காலனி ஒன்றை லூப்பால் தொட்டு எடுத்து அந்தச் சொட்டில் குழைப்பார்கள். சொட்டு சீராக வெண்மையாகும். அது தானாகத் திரளவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்வார்கள், ஏனென்றால் சில பாக்டீரியாக்கள் சலைனிலேயே கட்டி கட்டியாகிவிடும். அப்புறம் பக்கத்தில் ஒரு துளி ஆன்டிசீரம், அதாவது குறிப்பிட்ட கிருமிக்கான எதிர்ப்பொருள் கொண்ட சீரம் விட்டு, கலந்து, ஸ்லைடை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்துக்கொண்டே இருப்பார்கள். கிருமி அதுதான் என்றால் ஒரு நிமிடத்துக்குள் அந்த வெண்மை திரிந்த பால் மாதிரி துகள் துகளாகப் பிரிந்து, இடையில் தெளிந்த நீர் தெரியும். இல்லையென்றால் வெண்மை அப்படியே இருக்கும்.

அங்கே நடப்பது இதுதான். எதிர்ப்பொருள் மூலக்கூறு ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் இருக்கும், நீளம் சுமார் 10 நானோமீட்டர். அதன் இரண்டு கைகளும் ஒரே மாதிரியான இலக்கைப் பிடிக்கும். இலக்கு என்பது பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட சர்க்கரைச் சங்கிலியாகவோ புரதமாகவோ இருக்கலாம். ஒரு கை ஒரு பாக்டீரியாவையும் மறு கை அடுத்த பாக்டீரியாவையும் பிடிக்க, கோடிக்கணக்கானவை வலையாகப் பின்னிக்கொள்கின்றன. இந்தத் திரட்சியை 1896-இல் வியன்னாவில் மாக்ஸ் ஃபொன் குரூபரும் அவரிடம் பயின்ற ஹெர்பர்ட் டர்ஹாமும் விவரித்தார்கள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் 1933-இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களை ஏ, பி, சி என்று குழு பிரித்ததும் எதிர்ப்பொருளை வைத்துத்தான். டைபாய்டுக் கிருமியும் சேர்ந்த சால்மோனெல்லா குடும்பத்தில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்கும் இதே உத்திதான் அடிப்படை.

ஸ்லைடு சோதனையில் ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது சரி, ஆனால் அந்த ஸ்லைடுக்கு வந்த காலனி எங்கிருந்து வந்தது? ஒரு ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வளர்ந்து வந்தது. ஒரு காலனியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். எதிர்ப்பொருள் வேகமாக வேலை செய்கிறது என்றால், அதற்கு முன்னால் யாரோ காத்திருந்து கிருமியைப் பெருக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விரைவுச் சோதனை என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் காத்திருப்புக் கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்று கேட்பது நல்லது. பல விளம்பரங்களில் சேர்ந்திருக்காது.

இப்போது பட்டைக்கு வருவோம். கர்ப்பம் பார்க்கும் அட்டையும் கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த அட்டையும் இதே தொழில்நுட்பம்தான். ஒரு முனையில் மாதிரியை உறிஞ்சும் திண்டு. அதையொட்டி, சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களில் ஏற்றி உலர்த்தி வைத்த எதிர்ப்பொருள். தங்கம் அந்த அளவுக்குச் சிறிதானால் மஞ்சளாக இருக்காது, ஒயின் சிவப்பாகிவிடும். அடுத்து நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, அதில் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத கோடாகப் பதித்த இன்னொரு எதிர்ப்பொருள். திரவம் ஊறி நகரும்போது தங்கம் தாங்கிய எதிர்ப்பொருள் கிருமியைப் பற்றிக்கொண்டு கூடவே ஓடும், கோட்டில் இருக்கும் எதிர்ப்பொருள் அதைப் பிடித்து நிறுத்தும். நின்ற தங்கம் சேரச் சேரக் கோடு சிவக்கும். அதற்கு மேலே இருக்கும் இரண்டாவது கோடு, திரவம் ஒழுங்காக ஓடியதா என்பதைக் காட்டுவதற்கு மட்டும். அது விழாவிட்டால் சோதனையே செல்லாது.

கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் போதுமான தங்கம் அங்கே குவிய வேண்டும். அதற்குப் போதுமான கிருமி வேண்டும். சாதாரணப் பட்டைகளுக்கு ஒரு மில்லி திரவத்தில் லட்சத்திலிருந்து கோடி வரை பாக்டீரியா தேவைப்படுகிறது. கடும் காலரா நோயாளியின் மலத்தில் ஒரு மில்லியில் 1 கோடி முதல் 100 கோடி வரை காலராக் கிருமியான விப்ரியோ காலரே இருக்கும். மாதிரியை வளர்க்கத் தேவையே இல்லை, நோயே வளர்த்துக் கொடுத்துவிட்டது.

டைபாய்டு நோயாளியின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு எத்தனை டைபாய்டுக் கிருமி, அதாவது சால்மோனெல்லா டைஃபி? ஏறத்தாழ ஒன்று. பல நேரங்களில் அதற்கும் குறைவு. கிருமி ரத்தத்தில் கும்பலாக மிதப்பதில்லை. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களுக்குள் ஒளிந்திருக்கிறது. மஜ்ஜையை எடுத்து வளர்த்தால் கிடைக்கும் வாய்ப்பு ரத்தத்தைவிட நிறையவே அதிகம், ஆனால் காய்ச்சல் என்று வந்த எல்லோருக்கும் எலும்பில் ஊசி குத்த முடியாது. ஆக, ஒன்றுக்கும் ஒரு கோடிக்கும் இடையே கிடக்கிற தூரத்தை எந்த எதிர்ப்பொருளாலும் தாண்ட முடியவில்லை.

“டைபாய்டுக்கும் கார்டு டெஸ்ட் இருக்கிறதே, அன்றைக்கே ரிப்போர்ட் தருகிறார்களே” என்று கேட்கலாம். இருக்கிறது. அது கிருமியைத் தேடும் சோதனை அல்ல. நம் உடம்பு கிருமிக்கு எதிராகத் தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. 1896-இலேயே பாரிஸில் ஃபெர்னான் வைடால் குரூபரின் உத்தியைத் தலைகீழாகத் திருப்பினார்: தெரிந்த எதிர்ப்பொருளை வைத்துத் தெரியாத கிருமியைப் பார்ப்பதற்குப் பதில், தெரிந்த டைபாய்டுக் கிருமியை வைத்து நோயாளியின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தார். அதுதான் வைடால் சோதனை. மலேசியாவில் உருவான டைஃபிடாட் என்ற விரைவுச் சோதனையும் இதே திசைதான், கருவி மட்டும் நவீனம்.

இந்தத் திசைமாற்றம் எண்ணிக்கைப் பிரச்சினையைத் தந்திரமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. கிருமி மில்லிக்கு ஒன்றே இருந்தாலும் உடம்பு அதற்கு எதிராக ஏராளமான எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரம் போல ஆகும், காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் பார்த்தால் நெகட்டிவ் வரலாம். இரண்டு வருடம் முன்பு வந்து போன டைபாய்டும், போட்ட தடுப்பூசியும், வேறு சால்மோனெல்லாவும் டைட்டரை, அதாவது சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் எதிர்ப்பொருள் தெரிகிறது என்ற அளவை, ஏற்றிவிடலாம். முறைப்படி செய்வதென்றால், ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, டைட்டர் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் நோயாளி குணமாகியிருப்பார், அல்லது ஆபத்தான கட்டத்தில் இருப்பார். நம் ஊர்களில் நடப்பதோ ஒரே ஒரு ரத்தம், 1:80 அல்லது 1:160 என்று ஒரு எண், ‘டைபாய்டு பாசிட்டிவ்’ என்று ஒரு முடிவு. டைபாய்டு சகஜமாக இருக்கும் நாட்டில் ஆரோக்கியமாக நடமாடுபவர்களின் ரத்தத்திலும் அந்த அளவு இருக்கலாம். ஒரே ஒரு வைடாலை வைத்து ஆன்டிபயாட்டிக் ஆரம்பிப்பது, என் பார்வையில், சோதனை செய்ததாகவே சேராது.

சரி, கிருமியையே நேரடியாகப் பிடிக்க வேண்டும், ஆனால் கிருமி குறைவு என்றால் என்னதான் வழி? ஆய்வகங்கள் இரண்டு மூன்று வழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன.

முதல் வழி, சில மணி நேரம் மட்டும் வளர்த்துப் பெருக்குவது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, நல்ல கஞ்சியும் (கிருமி வளர்க்கும் ஊட்டத் திரவம்) தேவையான சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று இருபது முறை இரட்டித்தால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும், கணக்குப்படி ஏழு மணி நேரத்துக்குள். நிஜத்தில் ஆரம்பத் தயக்கம் எல்லாம் சேர்ந்து இன்னும் கூடுதலாக ஆகும். உணவுப் பரிசோதனையில் இது இல்லாமல் வேலை ஓடாது. 1993-இல் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் சரியாக வேகாத ஹாம்பர்கர் இறைச்சியால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, நான்கு குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ157 என்ற வகை. நூறுக்கும் குறைவான கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம் என்பதால், 25 கிராம் இறைச்சியில் ஒன்றே ஒன்று இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது.

அங்கேதான் காந்த மணிகள் கைகொடுத்தன. நார்வேயின் ஜான் உகெல்ஸ்டாட் 1970-களில் எல்லாம் ஒரே அளவாக இருக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். பிறகு அவற்றில் இரும்பு ஆக்ஸைடு ஏற்றிக் காந்தத்துக்கு இழுபடும்படி செய்தார்கள். சுமார் மூன்று மைக்ரான் குறுக்களவுள்ள அந்த மணியின் மேல் ஓ157-க்கான எதிர்ப்பொருளைப் பூசி, இறைச்சி ஊறிய கலங்கலான கஞ்சியில் போட்டுச் சுழற்றுவார்கள். பிறகு குழாயின் பக்கவாட்டில் காந்தம் வைத்தால், மணிகள் ஒரு பழுப்புப் பொட்டாகச் சுவரில் ஒதுங்கும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கழுவி, பொட்டை மட்டும் சில சொட்டில் கரைத்து எடுப்பார்கள். கொழுப்பும் ரத்தமும் மற்ற பாக்டீரியாக்களில் பெரும்பகுதியும் போய்விடும், தேடிய கிருமி மிகச் சிறிய அளவுக்குள் செறிந்துவிடும். இங்கே எதிர்ப்பொருள் பதில் சொல்லும் கருவி அல்ல, பொறுக்கி எடுக்கும் கருவி. பதிலைக் கல்ச்சரோ பி.சி.ஆரோ சொல்லும். எதிர்ப்பொருளுக்குக் கிடைத்த ஆகப் பொருத்தமான வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, பேசப்படுவது குறைவு என்றாலும்.

இரண்டாவது வழி இன்னும் புத்திசாலித்தனமானது: கிருமியைத் தேடாமல், அது உதிர்த்ததைத் தேடுவது. 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டில் பரவிய மர்ம நிமோனியாவுக்குக் காரணமான லெஜியனெல்லா, நுரையீரலில் இருந்தாலும் அதன் மேற்பூச்சுச் சர்க்கரைகள் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வந்து சேரும். சிறுநீரகமே அதைச் செறிவாக்கிக் கொடுத்துவிடுவதால், சளி எடுக்கப் போராடாமல், சிறுநீரில் ஒரு பட்டையை வைத்துக் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எச்.ஐ.வி. முற்றிய நோயாளிகளில் காசநோயைக் கண்டுபிடிக்கவும் இதே மாதிரி ஒரு சிறுநீர்ப் பட்டை உண்டு. அது தேடுவது காசநோய்க் கிருமியின் சுவரிலிருந்து வரும் லாம் என்ற கொழுப்புச் சர்க்கரை. குறை என்னவென்றால், பெரும்பாலான லெஜியனெல்லா சிறுநீர்ச் சோதனைகள் முதலாம் சீரோகுழு (மேற்பூச்சை வைத்துப் பிரித்த வகை) ஒன்றை மட்டுமே நம்பகமாகப் பிடிக்கும். மற்ற குழுக்களால் நிமோனியா வந்தவருக்கு நெகட்டிவ் என்று வரும், மருத்துவர் அதை நம்பிவிட்டால் ஆபத்து.

எதிர்ப்பொருள் தனக்குச் சொல்லிக் கொடுத்ததை மட்டும்தான் பார்க்கும். இந்தக் குறையைப் பெரிய அளவில் காட்டியது நம்முடைய சென்னைதான். 1992-இன் கடைசி மாதங்களில் சென்னையில் காலரா பரவியது. அறிகுறிகள் சாட்சாத் காலரா, மலத்தில் வளர்ந்ததும் விப்ரியோ காலரே. ஆனால் ஆன்டிசீரம் விட்டால் ஸ்லைடில் திரளவில்லை. அதுவரை பெரிய கொள்ளைநோயாகக் காலராவைப் பரப்பியது ஓ1 என்ற சீரோகுழு மட்டுமே, ஆய்வகங்கள் கையில் வைத்திருந்ததும் அதற்கான சீரம்தான். ஓ1 அல்லாத விப்ரியோ என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வயிற்றுப்போக்கு தரும், கொள்ளைநோயாகாது என்பதுதான் அன்றைய பாடம். அப்போது தெரிந்திருந்த சீரோகுழுக்கள் 138. எந்தச் சீரத்துக்கும் இது அசையவில்லை. புதிய எண் கொடுக்க வேண்டி வந்தது: ஓ139. அடுத்த சில மாதங்களில் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அது பெருமளவில் பரவியது. முன்பே காலரா வந்து எதிர்ப்பு சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் விழுந்தார்கள். அவர்கள் உடம்பில் இருந்த எதிர்ப்பொருளுக்கும் அந்த மேற்பூச்சு புதிது.

ஆராய்ந்து பார்த்தபோது, அது ஓ1 குழுவைச் சேர்ந்த எல் டோர் என்ற வகையின் நெருங்கிய வாரிசு என்று தெரிந்தது. மேற்பூச்சுச் சர்க்கரையைத் தயாரிக்கும் மரபணுப் பகுதி மட்டும் மாறியிருந்தது. காலரா நச்சு அதே, குடலில் செய்யும் அட்டூழியம் அதே, சட்டை மட்டும் வேறு. எதிர்ப்பொருள் சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்வது. அதன் பிறகு வந்த காலராப் பட்டைகளில் ஓ1, ஓ139 இரண்டுக்கும் தனித்தனிக் கோடு இருப்பது இந்த அனுபவத்தால்தான், ஓ139 இப்போது அரிதாகிவிட்டாலும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரே மாதிரி சட்டை போட்ட வேறு ஆள். புருசெல்லா என்ற பாக்டீரியாவும் யெர்சினியா என்ற வேறொரு பாக்டீரியாவின் ஓ9 வகையும் மேற்பூச்சில் அவ்வளவு ஒத்திருப்பதால், ஒன்றுக்கான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பிடிக்கும். டைபாய்டுக் கிருமியின் வி.ஐ. என்ற வெளி உறையைச் சிட்ரோபாக்டர் என்ற வேறு பாக்டீரியாக்களில் சிலவும் போட்டுக்கொள்கின்றன. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் விஷமம்: அதன் மேலிருக்கும் புரோட்டீன் ஏ, எதிர்ப்பொருளை அதன் வாலில் பிடித்துத் தலைகீழாக மாட்டிக்கொள்ளும், எதற்கான எதிர்ப்பொருளானாலும் சரி. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டது இந்தக் குழப்பத்தைப் பெரிதும் குறைத்தது. முயலுக்கு ஊசி போட்டு எடுக்கும் சீரம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்ற தொல்லையும் போனது. ஆனால் இரண்டு கிருமிகளின் சர்க்கரையே ஒன்றாக இருந்தால் மோனோகுளோனலும் ஒன்றும் செய்ய முடியாது.

காலராப் பட்டையும் களத்தில் சில நேரம் தவறாகப் பாசிட்டிவ் காட்டுகிறது. அதைக் குறைக்க, மலத்தை நேரடியாகப் பார்க்காமல், காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் சில மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் பட்டையை நனைக்கும் முறை உண்டு. அந்தக் காரத்தில் மற்ற குடல் பாக்டீரியாக்கள் திணறும், விப்ரியோ குஷியாக வளரும். கால் மணி நேரச் சோதனை ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது, நம்பகம் கூடுகிறது. எப்படிப் பார்த்தாலும் பட்டை தனி நோயாளிக்கான தீர்ப்பாகப் பயன்படுவதில்லை. நீரிழப்போடு வந்தவருக்கு ஓ.ஆர்.எஸ்., டிரிப் என்று சிகிச்சை ஆரம்பித்துவிடும், பட்டைக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஊரில் காலரா நுழைந்துவிட்டதா, குடிநீரைக் குளோரினேற்ற ஆள் அனுப்ப வேண்டுமா என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. ஒரே பகுதியிலிருந்து வந்தவர்களில் பலருக்குக் கோடு விழுந்தால் அந்தப் பதில் போதும். ஆன்டிபயாட்டிக் ஏற்கெனவே சாப்பிட்டு, கிருமி செத்து, கல்ச்சரில் வளராதவர்களிடமும் பட்டை வேலை செய்யும், ஏனென்றால் செத்த பாக்டீரியாவுக்கும் அதே மேற்பூச்சு உண்டு. உணவுப் பரிசோதனையில் இதே குணம் தலைவலி: நன்றாக வேகவைத்த உணவில் இறந்து கிடக்கும் கிருமியும் கோடு காட்டலாம்.

டைபாய்டில் கல்ச்சரை விட முடியாததற்கு எண்ணிக்கை தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இல் தலைகாட்டிய டைபாய்டு வகை, பழைய மருந்துகளோடு சிப்ரோஃபிளாக்ஸசின் வகையையும் செஃப்ட்ரியாக்ஸோனையும் மதிக்கவில்லை. வாய்வழி மருந்துகளில் அசித்ரோமைசின்தான் பெரும்பாலும் மிஞ்சியது. அந்தக் கிருமியின் மேற்பூச்சும் சாதாரண டைபாய்டுக் கிருமியின் மேற்பூச்சும் ஒன்றேதான், எதிர்ப்பொருளுக்கு இரண்டும் ஒன்று. உயிரோடு வளர்த்து மருந்து வட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அந்த வளர்ப்பிலும் கடைசியில் எதிர்ப்பொருளுக்கு ஒரு வேலை வரும். பாட்டிலில் வளர்ந்து, தட்டில் காலனியாக வந்ததை அந்த ஸ்லைடில் வைத்து, டைபாய்டுக் கிருமியின் மேலிருக்கும் அடையாளங்களான ஓ9, வி.ஐ., எச்-டி என்று ஒவ்வொன்றுக்குமான சீரமாக விட்டுப் பார்ப்பார்கள். சில நேரம் வி.ஐ. சீரத்துக்கு மட்டும் திரண்டு, ஓ9-க்கு அசையாமல் நிற்கும். வி.ஐ. உறை மேலே போர்த்தி உள்ளே இருக்கும் ஓ சர்க்கரையை மறைத்துவிடுவதுதான் காரணம். அப்போது கலவையைக் கொதிநீரில் சில நிமிடம் வைத்து உறையை நீக்கி, ஆறவைத்து, மறுபடி ஓ9 விடுவார்கள், உடனே திரளும்.

இத்தனைக்கும் முதலில் பாட்டிலுக்குள் கிருமி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெரியவர்களிடம் 10 மில்லி ரத்தம் எடுக்கச் சொல்வதும், ஆன்டிபயாட்டிக் மாத்திரை போடும் முன்பே எடுக்கச் சொல்வதும் அதனால்தான். மில்லிக்கு ஒன்று என்ற கணக்கில், இரண்டே மில்லி எடுத்து அனுப்பினால் பாட்டிலுக்குள் போவது இரண்டு கிருமி. இரண்டு நாள் ஏதோ மாத்திரை போட்டுவிட்டு வந்தவராக இருந்தால் அதுவும் இருக்காது, ஐந்து நாள் கழித்து ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வரும்.